உன் கோட்டுக்கு மேலே நின்ற டீசல்

மாப்ளே,

நேற்றுச் சாயங்காலம் உன் பனைமட்டைக் குச்சியை டேங்குக்குள் விட்டு எடுத்தேன். ஈரம் உன் கோட்டுக்கு மேலே நின்றது. ஒரு விரல்கடை மேலே. கண்ணை நம்பாமல் குச்சியை வேட்டியில் துடைத்துவிட்டு இன்னொரு தடவை விட்டேன். அப்போதும் அங்கேதான் நின்றது. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அந்தக் குச்சியைத் தேடி எடுத்து முகர்ந்து பார்த்தேன். டீசல் வாசம் இன்னும் போகவில்லை. அந்த வாசம் மூக்கில் இருக்கும்போதே இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நாம் ஜெயித்துவிட்டோம். நம் கிழட்டு டிராக்டர் இரண்டு புது வண்டிகளை மண்ணைக் கவ்வ வைத்துவிட்டது. இதை ஊர் முழுக்கச் சொல்லித் தொண்டை கட்டிப்போய், சொல்ல வேண்டிய ஆளுக்கு இன்னும் சொல்லவில்லையே என்று இப்போது எழுதுகிறேன். நீ இருந்திருந்தால் நடுவில் நாலு தடவை குறுக்கே விழுந்து கதையை உன் பக்கம் இழுத்திருப்பாய். இந்த ஒரு தடவையாவது நான் முழுசாகப் பேசி முடிக்கிறேன்.

நீ சவூதியிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்த வருஷத்தில் ஆரம்பித்தது நம் சண்டை. பதினெட்டு வருஷம் பாலைவனத்தில் பெரிய பெரிய டிரெய்லர் ஓட்டியவன், தேவிபட்டினத்தில் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரே மாதத்தில் சலித்துப்போனாய். நயினார்கோவில் பக்கம் எங்கள் ஊருக்கே பஸ் ஏறி வந்து, என் டிராக்டரில் பாதிப் பங்கு கொடு, ஒரு டிரெய்லர் வாங்கி லோடு அடிப்போம் என்று நின்றாய். இராமநாதபுரம் பள்ளிக்கூடத்தில் நாம் ஒரே பெஞ்சு. அந்த ஒரு காரணத்துக்காகச் சரி என்றேன். இவ்வளவு பெரிய வாத்தியார் வந்து என் இடது மட்கார்டில் ஏறி உட்காரப் போகிறார் என்று அன்றைக்குத் தெரிந்திருந்தால் கதவைச் சாத்தியிருப்பேன்.

முதல் லோடு செங்கல். நீ "பிஸ்மில்லாஹ்" என்றாய், நான் "அய்யனாரே" என்றேன், வண்டி கிளம்பியது. நான் எப்போதும் போல மூன்றாவது கியரில் போட்டு, கைப்பிடி ஆக்சிலேட்டரை அடி வரைக்கும் இறக்கி வைத்தேன். சத்தம் பக்கத்து ஊருக்குக் கேட்டது. நீ கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாய். பிறகு என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "நாலுல போடு மாப்ளே, ஆக்சிலேட்டரப் பாதியாக் கொறை" என்றாய்.

லோடு இருக்கிறது, திணறும் என்றேன்.

"திணறுனா அதுவே சொல்லும். சொல்றதுக்கு முன்னாடியே நீ ஏன் பயப்படுற?"

எனக்குச் சுருக்கென்றது. இது உங்கள் சவூதி ரோடு இல்லை, இராமநாதபுரம் என்று கத்தினேன். உண்மையைச் சொன்னால், நான் டிராக்டர் பழகியது கரிசல் காட்டில். உழவுக்குச் சின்ன கியரும் முழு ஆக்சிலேட்டரும்தான் சரி. எங்கள் பக்கத்துக்காரர்கள் எல்லோருமே அப்படித்தான். கலப்பையைக் கழற்றி டிரெய்லரை மாட்டித் தார் ரோட்டுக்கு வந்த பிறகும், கை மட்டும் உழவிலேயே நிற்கும். இன்ஜின் அலறினால்தான் வேலை நடக்கிறது என்று நினைப்போம். நீ ஒருநாள் அதைக் கேட்டுச் சிரித்தாய். "சத்தம் போட்டா வேலை செய்யுதுன்னு அர்த்தம் இல்லடா, குடிக்குதுன்னு அர்த்தம்" என்றாய். இரண்டு பேரும் ஒரே வேகத்தில்தான் போவோம், அதே வேகத்துக்கு என் வழியில் இன்ஜின் ரெண்டு மடங்கு சுற்ற வேண்டியிருக்கிறது என்று விரலைச் சுற்றிச் சுற்றிக் காட்டினாய். எனக்குப் புரிந்தது. புரிந்தது என்று காட்டிக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

அடுத்த வாரமே ஒரு பனைமட்டையைச் சீவிக்கொண்டு வந்துவிட்டாய். முழ நீளம், விரல் அகலம். காலையில் டேங்கைக் கழுத்து வரைக்கும் நிரப்புவாய். லோடு இறக்கித் திரும்பி வந்ததும் குச்சியை உள்ளே விட்டு, ஈரம் நின்ற இடத்தில் பேனாக்கத்தியால் ஒரு கோடு கீறுவாய். கோடு மேலே இருந்தால் மிச்சம், கீழே இருந்தால் நஷ்டம். நீ ஓட்டிய நாளின் கோடு எப்போதும் என் கோட்டுக்கு மேலேதான் இருக்கும். உப்பளத்திலிருந்து, உப்பு மூட்டை அடுக்கி வைக்கிற உச்சிப்புளிக் கிட்டங்கிக்கு நூறு மூட்டை ஏற்றிப் போய்வந்த ஒரு நாளில், உன் வாழ்க்கையிலேயே உயரமான கோடு விழுந்தது. அதைக் குறுக்கே ஆழமாகக் கீறி என் மூஞ்சிக்கு முன்னால் ஆட்டினாய். மட்டைக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட்டு நான் டீக்கடைக்குப் போய்விட்டேன்.

என்னிடம் இன்னொரு புத்திசாலித்தனமும் இருந்ததே, நினைவிருக்கிறதா? இறக்கம் வந்தால் நியூட்ரலில் தள்ளிவிட்டு உருட்டுவது. நம் ஊரில் யாரைக் கேட்டாலும் டீசல் மிச்சம் பண்ண அதைத்தான் சொல்வார்கள். தங்கச்சிமடத்துக்கு ஹாலோ பிளாக் ஏற்றிக்கொண்டு பாம்பன் பாலத்தில் போன அன்றைக்கு, உச்சி தாண்டியதும் லீவரைத் தட்டி நியூட்ரலுக்குக் கொண்டுவந்தேன். பாதி இறக்கத்தில் டிரெய்லர் பின்னாலிருந்து நெட்டித் தள்ளியது. பிரேக்கை மிதித்தால் வண்டியின் பின்பக்கம் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு போனது. இரண்டு பக்கமும் கடல். என் கை ஸ்டீயரிங்கில் ஒட்டிக்கொண்டது. எப்படியோ சமதரைக்கு வந்து வண்டி நின்றதும் நீ இறங்கி, ரோட்டோரம் குத்தவைத்து உட்கார்ந்தாய். என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போய் டீ குடித்தாய். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாவது நாள் வந்து, "டீசல மிச்சம் பிடிக்கலாம் மாப்ளே. மொதல்ல நம்மள மிச்சம் வைக்கணும்ல" என்றாய். கியரில் இறங்கினாலும் ஆக்சிலேட்டரில் கால் வைக்காமல் இருந்தால் இன்ஜின் குடிக்காது, டிரெய்லரையும் அதுவே பிடித்துக்கொள்ளும் என்று பொறுமையாகச் சொன்னாய். அதற்குப் பிறகு நான் நியூட்ரலில் உருட்டியதே இல்லை. ஆனால் உனக்கு அது போதவில்லை. நான் வாயால் சொல்ல வேண்டும்.

லோடு முடிந்து வண்டியை நிறுத்தும்போதெல்லாம் கேட்பாய். "ஒரே ஒரு தடவ சொல்லு மாப்ளே. 'நீ சொன்னது சரி'. மூணே வார்த்தை." நான் வானத்தைப் பார்ப்பேன். மழை வருமா என்பேன். மழையே வராத ஊரில் எத்தனை தடவை மழையைப் பற்றிப் பேசியிருப்பேன் பார்.

மதுரை ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தபோதும் கேட்டாய். "இப்பவாவது சொல்லேன்டா." நான் உன் காலைத் தட்டி, எழுந்து வா, வண்டியில் வைத்துச் சொல்கிறேன் என்றேன். நீ எழுந்து வருவாய் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. நாலாம் நாள் உன்னை வேறு வண்டியில் கொண்டுவந்தார்கள். உன் சந்தூக்கைத் தூக்க நானும் ஒரு தோள் கொடுத்தேன். தொழுகை முடிகிற வரைக்கும் பள்ளிவாசலுக்கு வெளியே செருப்பில்லாமல் நின்றேன். அந்த மூன்று வார்த்தையை அப்போதும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் மேலே கோபத்தில், ஒரு வருஷம் முழுக்க மூன்றாவது கியரிலேயே அலறவிட்டேன். நீ இல்லாத இடத்தில் உன் பேச்சைக் கேட்டு ஓட்டினால், நீ வரவே மாட்டாய் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. கிறுக்குத்தனம்தான். டீசல் ஊற்றி லோடு அடிக்கச் சொன்னவர்கள் எல்லாம் முகம் சுளித்தார்கள். உப்பளத்து ஆட்கள் நம் வண்டிக்குக் 'குடிகாரன்' என்று பேர் வைத்தார்கள். ஒவ்வொரு லோடாக நின்றுபோய், வண்டி வேப்பமரத்தடியில் கிடந்தது. துபாயிலிருந்து உன் மகன் போன் பண்ணினான். "மாமா, வாப்பா இருந்தா வேற. இப்ப அது சும்மாதான கெடக்கு. பழைய இரும்புக்காவது போட்ருவோம்" என்றான். அவன் மேல் தப்பில்லை. அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. சனிக்கிழமை பழைய இரும்புக்காரர் வந்து பார்ப்பதாக முடிவாயிற்று.

அந்த வாரத்தில்தான் உப்பூர் உப்பளத்துக் கணக்கப்பிள்ளை ஒரு அறிவிப்புக் கொடுத்தார். அளத்தின் வழக்கம் உனக்குத் தெரியும்: டீசல் அவர்களுடையது, வண்டியும் ஓட்டுகிற ஆளும் நம்முடையது. போன சீசனில் டீசல் தண்ணியாகப் போய்விட்டதில் மனுஷன் நொந்திருந்தார். இந்த சீசனில் லோடு வேண்டும் என்கிறவர்கள் வியாழக்கிழமை வரட்டும், எல்லோருக்கும் நூறு மூட்டை, எல்லோருக்கும் ஒரே ரோடு, உச்சிப்புளிக் கிட்டங்கியில் இறக்கிவிட்டுத் திரும்பி வர வேண்டும், எந்த வண்டி குறைவாகக் குடிக்கிறதோ அதற்கு சீசன் முழுக்க லோடு என்றார். நேரம் கணக்கில்லை, டீசல் மட்டும்தான் கணக்கு.

நான் தேவிபட்டினத்துக்குப் போய் உன் வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன். வியாழக்கிழமை ஜெயித்தால் வண்டி இருக்கும், தோற்றால் சனிக்கிழமை இரும்புக்குப் போகும். அது உள்ளே போய், துணியில் சுற்றி வைத்திருந்த உன் குச்சியை எடுத்துவந்து கொடுத்தது.

"அவுக இருந்தா இத வச்சுத்தான அளப்பாக. கொண்டு போங்கண்ணே" என்றது.

வாங்கிக்கொண்டு வரும்போதே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இந்த ஒரு தடவை முழுக்க முழுக்க உன் வழி. நாலாவது கியர், பாதி ஆக்சிலேட்டர். செத்தாலும் மாற்றுவதில்லை. இந்த முடிவால்தான் நான் ஏறக்குறையத் தோற்கப் பார்த்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

வியாழக்கிழமை காலையில் மூன்று வண்டிகள். மற்ற இரண்டும் போன வருஷம் வாங்கியவை, பெயின்ட்கூட மங்கவில்லை. ஒன்றை ஓட்டியவர் ஆர்.எஸ்.மங்கலத்துக்காரர், நல்ல வாய். நம் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "என்னண்ணே, குடிகாரனுக்கு வழியில எங்கனயாவது பங்க்கு இருக்கான்னு பாத்து வச்சுட்டீகளா" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்த மாதிரி பல்லைக் காட்டினேன். மூன்று டேங்கையும் கழுத்து வரைக்கும் நிரப்பி, மூடிக்குக் கயிறு கட்டி அரக்கு வைத்தார்கள். வண்டிக்கு ஒருவராக அளத்து ஆட்கள் கூட வந்தார்கள், வழியில் யாரும் தில்லுமுல்லு பண்ணாமல் பார்த்துக்கொள்ள. என் வண்டிக்கு வந்தவர் எடைமேடைக்காரர், வயசான மனுஷர். நேராக வந்து இடது மட்கார்டில் ஏறினார். அங்கே வேண்டாம், வலது பக்கம் உட்காருங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். அது ஆள் இருக்கிற இடம் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மாறி உட்கார்ந்தார். "பிஸ்மில்லாஹ்" என்றேன், "அய்யனாரே" என்றேன். இரண்டையும் நானேதான் சொல்ல வேண்டியிருந்தது.

அளத்திலிருந்து தார் ரோடு வரைக்கும் அந்த உவர்மண் பாதை. அங்கே மட்டும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேகம் குறைக்கிற லோ லீவரைப் போட்டு, சக்கரம் வழுக்காமல், நிற்காமல், ஒரே சீராக இழுத்துக்கொண்டு வந்தேன். மற்ற இருவரும் வேகமாகக் கிளப்பி, சக்கரம் சுற்றி, மண்ணை வாரி இறைத்தார்கள். எடைமேடைக்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தார் ரோடு ஏறியதும் நாலாவது. ஆக்சிலேட்டர் பாதி. மாப்ளே, அந்த அமைதியை என்ன சொல்ல. பின்னால் நூறு மூட்டை உப்பு, முன்னால் இன்ஜின் தனக்குத்தானே பேசிக்கொள்கிற மாதிரி ஒரு முனகல். எடைமேடைக்காரர் பேசியது கத்தாமலே எனக்குக் கேட்டது. இத்தனை வருஷம் இந்த வண்டியில் ஏறி நீ சொன்னதில் பாதி எனக்குக் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இரண்டு புது வண்டிகளும் என்னைத் தாண்டிப் போயின. ஆர்.எஸ்.மங்கலத்துக்காரர் கையை ஆட்டிவிட்டுப் போனார். பழைய நானாக இருந்தால் ஆக்சிலேட்டரை அடி வரைக்கும் இறக்கி விரட்டியிருப்பேன். கை அரித்தது. இடது மட்கார்டைப் பார்த்தேன். காலியாகத்தான் இருந்தது, ஆனாலும் கை அடங்கியது. தேவிபட்டினத்தைத் தாண்டும்போது உன் வீட்டுக்காரம்மா ரோட்டோரம் முக்காட்டோடு நின்று, வண்டிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தது. அதற்கும் அந்தச் சத்தம் தெரியும்.

இராமநாதபுரத்தைத் தாண்டும்போது அந்த ரயில்வே மேம்பாலம் வந்தது. தெற்கேயிருந்து கடல்காற்று எதிரே அடிக்க ஆரம்பித்திருந்தது. பாலத்து ஏற்றம் தொடங்குவதற்குக் கொஞ்ச தூரம் முன்னாலேயே இன்ஜின் சத்தம் கனத்துவிட்டது. எனக்கு அது கேட்டது. கேட்டும் நான் நாலாவதை விடவில்லை. உன் வழி என்று சபதம் போட்டாயிற்று, உன் வழி என்றால் நாலுதான் என்று பிடித்துக்கொண்டிருந்தேன். ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டினேன். வண்டி வேகம் எடுக்கவில்லை, புகைபோக்கியில் கரும்புகைதான் வந்தது. எடைமேடைக்காரர் அண்ணாந்து பார்த்தார்.

அந்த இடத்தில்தான் மாப்ளே, நீ முழுசாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. இருபது வருஷமாகச் சண்டைக்கு வசதியாக இருந்த பாதியை மட்டும் நான் பிடித்து வைத்திருந்தேன். மிச்சப் பாதியை நீ எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். "மூச்சு வாங்குனா எறங்கிக்க, சும்மா கெடந்தா ஏறிக்க. அது பேசுறதக் கேளு, அம்புட்டுத்தான்." பாலம் வந்தால் நீயே முன்கூட்டி இரண்டாவதுக்கு வந்துவிடுவாய். ஏற்றத்தின் நடுவில் லோடு டிராக்டரில் கியர் மாற்ற முடியாது, நின்றால் லோடு பின்னால் இழுக்கும் என்று நீதான் சொல்வாய். நாலாவது கியர்தான் உன் வேதம் என்று உன்னைக் கேலி பண்ணித் திரிந்தவன் நான். நீ எந்தக் கியரையும் கட்டிக்கொண்டு அழுததில்லை. இரண்டு பேரில் பிடிவாதக்காரன் நான் ஒருத்தன்தான்.

பாலத்தின் காலடியில் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினேன். எடைமேடைக்காரர் பதறிப்போனார். ஏன் நிறுத்துகிறீர்கள், அவர்கள் மேலே போய்விட்டார்களே என்றார். நேரம் கணக்கில்லையே என்று சொல்லிவிட்டு, இரண்டாவது கியரைப் போட்டு, நிதானமாக ஏற ஆரம்பித்தேன். பாதி ஏற்றத்தில் பார்த்தால், ஆர்.எஸ்.மங்கலத்துக்காரர் நின்றுகொண்டிருந்தார். பெரிய கியரிலேயே வீராப்பாக ஏறி, நடுவில் மூச்சடைத்து, கீழே மாற்றப் பார்த்து, வண்டி நின்றுவிட்டது. பின்சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, இன்ஜினை அலறவிட்டுக் கிளப்பிக்கொண்டிருந்தார். வானம் முழுக்கக் கரும்புகை. நான் அவரை நடைவேகத்தில் தாண்டினேன். பங்க்கு பற்றி ஏதாவது கேட்டுவிட வேண்டும் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உன்னை நினைத்து அடக்கிக்கொண்டேன். இல்லை, பொய் சொல்லக் கூடாது. கையை ஆட்டிவிட்டுத்தான் போனேன்.

இறக்கத்தில் கியரிலேயே, கால் எடுத்துவிட்டு, பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் இறங்கினேன். உச்சிப்புளி வரைக்கும் எதிர்க்காற்று. காற்று பலமாக இருந்த இடத்தில் மூன்றாவது, மரங்கள் மறைத்த இடத்தில் நாலாவது. அலறாத மூன்றாவது, அதைக் கவனி. கிட்டங்கியில் மூட்டைகளை இறக்கிவிட்டு, வெறும் டிரெய்லர் கடகடவென்று ஆட, பாட்டு முனகிக்கொண்டே திரும்பி வந்தேன். எடைமேடைக்காரரும் கூடச் சேர்ந்து முனகினார்.

வெயில் சாயும் நேரத்தில் அளத்துக்கு வந்து சேர்ந்தோம். ஆர்.எஸ்.மங்கலத்துக்காரரும் வழியில் என்னை மறுபடி தாண்டிப் போயிருந்தார், கடைசியாக வந்தது நான்தான். அரக்கை உடைத்ததும் கணக்கப்பிள்ளை கேனை எடுக்க, ஒரு நிமிஷம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, உன் குச்சியை உள்ளே விட்டேன். ஈரம் உன் ஆழமான கோட்டைத் தாண்டி மேலே நின்றது. உன் கோட்டையே தாண்டிவிட்டேன் மாப்ளே. உன் பாடத்தை வைத்தே உன்னைத் தாண்டினேன். அங்கேயே குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு கத்துக் கத்தினேன். அவர்களுக்கு என்ன புரிந்திருக்கும். கேனிலிருந்து ஊற்றி, டேங்கை மறுபடி கழுத்து வரைக்கும் நிரப்பி அளந்தார்கள். மற்ற இரண்டு வண்டிகளில் குறைவாகக் குடித்ததற்கே இருபது லிட்டர் பிடித்தது. குடிகாரனுக்குப் பதினேழுகூட ஆகவில்லை. கணக்கப்பிள்ளை கேனைக் கவிழ்த்துப் பார்த்தார், டேங்குக்குள் எட்டிப் பார்த்தார், எடைமேடைக்காரரைப் பார்த்தார். அவர், நான் கூடவே இருந்தேன், ஒரு சொட்டுக்கூட வெளியிலிருந்து ஊற்றவில்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். சீசன் லோடு நமக்கு.

ஆர்.எஸ்.மங்கலத்துக்காரர் கடைசியில் நல்ல மனுஷனாகத்தான் இருந்தார். பக்கத்தில் வந்து, எப்படிண்ணே என்று கேட்டார். எல்லோரும் சுற்றி நின்றார்கள். நான் பெருமையடிக்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வந்தது வேறு.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. என் மாப்ள சொல்லிக்கிட்டே இருந்தான், நான் கேக்காமலே இருந்தேன். இன்னைக்குத்தான் கேட்டேன்" என்றேன்.

அதைச் சொல்லி முடித்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உப்புக்காற்று என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். உப்பளத்தில் நின்று அந்தப் பொய்யைச் சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

நேராக உன் வீட்டுக்கு வண்டியை விட்டேன். வண்டி இருக்கும் என்று வாசலில் நின்றே சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்று உன் வீட்டுக்காரம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டது. உன் மகனுக்கு அங்கிருந்தே போன் போட்டோம். அவன், "பதினேழா மாமா? அந்த வண்டியா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, இரும்புக்காரரை வர வேண்டாம் என்று தானே சொல்லிவிடுவதாகச் சொன்னான். நான் குச்சியைத் திருப்பிக் கொடுக்க நீட்டினேன். உன் வீட்டுக்காரம்மா வாங்கவில்லை.

"முதுகுப் பக்கத்தப் பாத்தீகளாண்ணே?" என்று கேட்டது.

டீசல் கறை ஏறிக் கறுத்துக் கிடந்த பக்கம். அங்கே ஒன்றும் இருக்காது என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு கோடுகள். கீழ்க்கோட்டுக்குப் பக்கத்தில் உன் பேரின் முதல் எழுத்து. மேல்கோட்டுக்குப் பக்கத்தில் என் பேரின் முதல் எழுத்து. அளத்துக்குள்ளேயே, அந்த உவர்மண் பாதையில், பாத்தியிலிருந்து உப்பைக் குவிக்கிற அம்பாரத்துக்கு நாள் பூராவும் லோடு அடித்த நாட்களில் நீ அளந்ததாம், உன் வீட்டுக்காரம்மாதான் சொன்னது. ஒரு நாள் உன் வழி, ஒரு நாள் என் வழி. மண்ணில் என் சின்ன கியர்தான் மிச்சம் பிடித்திருக்கிறது. அதை உன் கையாலேயே கீறி வைத்திருக்கிறாய்.

"மண்ணுல அவன் சொல்றதுதான் சரின்னு சொல்வாக. அவன்கிட்ட சொல்லிராத, தலைகால் புரியாம ஆடுவான்னு சொல்லிச் சிரிப்பாக" என்றது உன் வீட்டுக்காரம்மா.

அடப் பாவி. வாரத்துக்கு மூன்று தடவை என்னிடம் மூன்று வார்த்தை கேட்டுத் தொல்லை பண்ணினாயே, நீ வைத்திருந்த மூன்று வார்த்தையைக் குச்சியின் முதுகில் ஒளித்து வைத்துவிட்டாயா? அங்கேயே, உன் வாசலில் நின்றுகொண்டு, உன்னைத் திட்டினேன். திட்டத் திட்டச் சிரிப்பு வந்தது. உன் வீட்டுக்காரம்மாவும் சிரித்தது. நீ போன பிறகு அந்த வாசலில் யாரும் அப்படிச் சிரித்திருக்க மாட்டார்கள்.

இன்றைக்குக் காலையில் கத்தியை எடுத்து, உன் ஆழமான கோட்டுக்கு ஒரு விரல்கடை மேலே புதுக்கோடு கீறினேன். பக்கத்தில் ஒரு எழுத்து போட்டால் யார் எழுத்தைப் போடுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். இரண்டையும் போட்டேன். குச்சி இனிமேல் என்னிடம்தான் இருக்கும், வண்டியின் டூல் பெட்டிக்குள். திங்கட்கிழமையிலிருந்து சீசன் லோடு. இடது மட்கார்டில் யாரையும் ஏற்றுவதாக இல்லை.

வண்டியில் வைத்துச் சொல்கிறேன் என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன் அல்லவா. இதை நான் வீட்டில் உட்கார்ந்து எழுதுவதாக நினைத்திருப்பாய். இல்லை மாப்ளே, வண்டியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். தாளை ஸ்டீயரிங்கில் வைத்துத்தான் எழுதுகிறேன், அதனால்தான் எழுத்து இப்படிக் கோணிப் போகிறது. இன்ஜின் அணைந்திருக்கிறது. சத்தமே இல்லை. நான் சொல்வது உனக்கு நன்றாகக் கேட்கும்.

நீ சொன்னது சரி.